ஆறாவது தகடு

காதர் மாமா இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் அவரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். டிராக்டரின் பின்சக்கரத்தில் எண்ணெய் கசிகிறது, வந்து பாருங்கள் என்று சொல்ல இரண்டு நாளாகப் போன் போடுகிறேன், மனிதர் எடுக்கவில்லை. "எடுக்க மாட்டாரே! அவரு பெரிய மகாராசா!" என்று மனைவியிடம் கத்திக்கொண்டிருக்கும்போதே அவர் மருமகன் கூப்பிட்டார். "அண்ணே, மாமா காலையில மவுத்தாயிட்டாக. நேத்தே நெஞ்சு வலிக்குதுன்னாக. ஆஸ்பத்திரிக்குப் போவோம்னா, ஒரு வண்டி பிரிச்சுக் கெடக்கு, மூடிட்டு வர்றேன்னாக." சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அழுகைக்கு முன்னால் எரிச்சல்தான் வந்தது. அழுகை பள்ளிவாசலுக்குப் போன பிறகுதான் வந்தது.

போடியில் அவர் பட்டறைக்கு வண்டி கொண்டுபோன உங்கள் அத்தனை பேருக்கும் இந்த எரிச்சல் தெரியும். ஒரு நாள் வேலைக்கு மூன்று நாள். ஒவ்வொரு நட்டையும் மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, வெயிலில் பிடித்துப் பார்ப்பார். பால் விடாத வரட்டீ குடிப்பார். மறுபடியும் பார்ப்பார். "வெரசா முடிங்க மாமா" என்றால், "வெரசா வேணும்னா பஸ்சுல போ" என்பார். என்னைவிட நாலு வயதுதான் மூத்தவர். ஆனாலும் எனக்கு அவர் மாமா, அவருக்கு நான் மாப்ளே. இருபது வருடமாக எங்களுக்குள் அப்படித்தான் சண்டை நடந்தது.

எனக்குத் தேவாரம் பக்கம் கொஞ்சம் நிலமும் ஒரு கிழட்டு டிராக்டரும் உண்டு. ஊராருக்கு வாடகைக்கு உழுது கொடுத்துத்தான் வீடு ஓடுகிறது. நாலைந்து வருடத்துக்கு முன்னால், மலையடிவாரத்துத் தோட்டத்துக்குச் சாணி லோடு ஏற்றிப் போனபோது இடப்பக்கப் பின் ஆக்ஸில் பள்ளத்தில் விழுந்து முறிந்தது. வண்டியை இழுத்து வந்து என் வீட்டு வேப்பமரத்தடியில் போட்டோம். முந்தின வாரம்தான் மழை பெய்திருந்தது. கடலை விதைக்க ஈரம் சரியாக இருந்தது, நாலு நாளில் காய்ந்துவிடும். பெருமாள்சாமி அண்ணன் நிலத்தை உழுது தருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். ஊரில் பெரிய நிலக்காரர் அவர். அவர் கை காட்டினால்தான் மற்றவர்கள் என் வண்டியைக் கூப்பிடுவார்கள்.

முறிந்ததை வெல்டு வைத்து ஓட்டலாம் என்றேன். "வெல்டு வச்ச ஆக்ஸில்ல ஒம் பொண்டாட்டி புள்ளைய ஏத்துவியா?" என்று கேட்டுவிட்டு, மதுரைக்குப் பஸ் ஏறிப் போய் ஒரு பழைய ஆக்ஸிலைத் தேடிப் பிடித்து வந்தார். அதிலேயே இரண்டு நாள் போய்விட்டது.

அடுத்தது அந்தத் தகடுகள். ஆக்ஸிலைத் தாங்கும் பேரிங்கை மூடும்போது நடுவில் தாள் கனத்தில் வட்டத் தகடுகள் போட வேண்டும். ஒன்று கூடினால் சக்கரம் ஆடும், ஒன்று குறைந்தால் இறுகும். அவர் ஒவ்வொன்றாகப் போட்டு, சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, கழற்றி, மறுபடி போட்டு, வெள்ளிக்கிழமை மதியம்தான் ஆறு என்று முடிவு செய்தார். ஆறையும் கிரீஸ் தடவிச் சாக்கின் மேல் வைத்துவிட்டு ஜும்மாவுக்குக் கிளம்பினார். "நான் வர்ற வரைக்கும் தொடாத மாப்ளே. மூடுறதுக்கு முன்னாடி ஒரு தடவ எண்ணணும்."

எத்தனை தடவைதான் எண்ணுவார்! நிலத்தில் ஈரம் போய்க்கொண்டிருக்கிறது. நானே எடுத்துப் போட்டு மூடினேன், சக்கரத்தையும் மாட்டினேன். திரும்பி வந்தவர் முகம் கறுத்துப் போனது. "எல்லாத்தையும் போட்டியா?" "போட்டேன் மாமா, நான் என்ன சின்னப் பிள்ளையா?" பிரிக்கத்தான் நினைத்தார். நான் விடாமல் கத்தினேன். என் வார்த்தையை நம்பிப் போனார்.

மறுநாள் காலை என் மனைவி அந்தச் சாக்கை உதறினாள். கிரீஸோடு ஒட்டியிருந்த ஒரு தகடு கீழே விழுந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வண்டி வாசலில் புறப்படத் தயாராக நின்றது. தாள் கனம்தானே, என்ன ஆகிவிடும் என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உழப் போனேன்.

பாதி நிலம் உழுவதற்குள் பேரிங் சூடேறி, இறுகி, சக்கரம் சிக்கி நின்றுவிட்டது. மதுரையிலிருந்து கொண்டுவந்த ஆக்ஸிலும் கெட்டது. மீதி நிலம் விதைக்காமலே காய்ந்தது. போன் போட்டதும் வந்த மாமா வயலிலேயே உட்கார்ந்து பிரித்தார், தகடுகளை எண்ணினார். ஐந்து. மறுபடியும் எண்ணினார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

அன்று சாயங்காலம் டீக்கடையில் பெருமாள்சாமி அண்ணன் நாலு பேர் முன்னால் அவரைப் பிடித்துக்கொண்டார். "என்ன காதரு, பேரிங் போடத் தெரியாதவன்லாம் ஸ்பானரத் தூக்கிட்டு வந்தா எங்க பொழப்பு என்னத்துக்கு ஆகும்?" மாமா டம்ளரைக் கீழே வைத்தார். "எந் தப்புதாண்ணே. எண்ணாம விட்டுட்டேன்." நான் அடுத்த பெஞ்சில்தான் இருந்தேன். தகடு என் பையில்தான் இருந்தது. வாயைத் திறந்தால் இனி யாரும் என் வண்டியைக் கூப்பிட மாட்டார்கள். டீயைக் குடித்து முடித்தேன்.

அந்தப் பருவம் முழுக்கத் தேவாரம் பக்கமிருந்து ஒரு வண்டிகூட அவர் பட்டறைக்குப் போகவில்லை. என் வண்டியை மட்டும் வழக்கம்போல மூன்று நாள் எடுத்துச் சரிசெய்தார். எத்தனையோ முறை சொல்ல வாயெடுத்தேன். "சோலியப் பாரு மாப்ளே" என்று வெட்டிவிடுவார். ஒருநாள் பொறுக்க முடியாமல் தகட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அதைத் தொடக்கூட இல்லை. "எண்ணாம வண்டிய விட்டது எந் தப்பு. அத நான் சொல்லிட்டேன். ஒந் தப்பு வேற. அத எங்கிட்ட ஏன் கொண்டாந்து வைக்கிற?" சொல்லிவிட்டு நட்டு கழுவப் போய்விட்டார். திட்டியிருக்கலாம், ஓங்கி ஒரு அறை விட்டிருக்கலாம். எதையும் செய்து தொலைக்காமல் என்னை இப்படி விட்டுவிட்டுப் போனதற்காக அவர் மேல் எனக்கு இன்னும் கோபம்தான்.

அடக்கம் முடிந்து வெளியே வரும்போது பெருமாள்சாமி அண்ணன் என் தோளில் கை வைத்துச் சொன்னார்: "தங்கமான மனுசன்ப்பா. அந்த ஒரு ஆக்ஸில்லதான் கொஞ்சம் சறுக்கிட்டாப்ல." இத்தனை வருடமும் சட்டைப் பையிலேயே கிடந்த தகட்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து, "அண்ணே, அந்த ஆக்ஸில மூடுனது நான்" என்றேன். அதைப் புரட்டிப் பார்த்தார். பிறகு என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு நடந்தார். இதுவரை அவர் என்னை உழவுக்குக் கூப்பிடவில்லை.

பெருமாள்சாமி அண்ணனிடம் மட்டும் சொன்னால் போதாது என்றுதான் இதை எழுதுகிறேன். காதர் மாமா கை வைத்த எந்த ஆக்ஸிலும் சறுக்கியதில்லை. எண்ணெய் கசியும் என் வண்டியை நேற்று நானே பிரித்தேன். மூன்று நாள் ஆகும் போலிருக்கிறது. அவருடையது என்று என்னிடம் ஸ்பானர் இல்லை, படம்கூட இல்லை. இந்தத் தகடு இருக்கிறது, அதுவும் அவருடையது இல்லை, என்னுடையது.