அம்மா ஊற்றிய தண்ணீர்

எங்கள் பாஸ்டர் மேட்டூர் அணையைப் பார்த்துத்தான் ஞானஸ்நானத்துக்கு நாள் குறிப்பார். வேறு வழியில்லை. எங்களுடையது முழுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் சபை. ஆள் முழுசாக முங்கி எழ வேண்டும். கோடையில் வெண்ணாற்றில் மணல்தான் கிடக்கும். அணை திறந்து, தண்ணீர் கல்லணையைத் தாண்டி, எங்கள் பக்கம் இடுப்பளவு ஏறிய பிறகுதான் பெயர் கொடுத்தவர்கள் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போடுவார்கள். ஊரே நாற்று விடுவதற்குக் காத்திருக்கும்போது நாங்கள் மறுபிறப்புக்குக் காத்திருப்போம்.

நான் முங்கியது கல்யாணத்துக்கு முந்தின மாதம். அதற்கு முன்பே எனக்கு ஒரு ஞானஸ்நானம் ஆகியிருந்தது. கைக்குழந்தையாக இருந்தபோது எங்கள் கிராமத்துப் பழைய சபையில் குருவானவர் என் தலையில் மூன்று கை தண்ணீர் ஊற்றியிருந்தார். பண்ணை வேலை பார்த்துக்கொண்டிருந்த எங்கள் ஜனத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உட்காரவைத்த சபை அது. ஆனால் பெண் வீட்டார் முழுக்குச் சபை. "தெளிப்பு வாங்குன மாப்பிள்ளைக்கு எங்க பாஸ்டர் கல்யாணம் பண்ணி வைக்க மாட்டாருங்க" என்றார் மாமனார். எனக்குப் பெண்ணை ரொம்பப் பிடித்திருந்தது. ஒரு தடவை தண்ணீரில் முங்குவதில் என்ன குறைந்துவிடப் போகிறது என்று சரி சொல்லிவிட்டேன். வேதத்தைப் புரட்டி, ஜெபித்து, தெளிந்து எடுத்த முடிவெல்லாம் இல்லை.

அம்மாவும் படித்துறைக்கு வந்திருந்தாள். கையில் துண்டு. அந்த வருஷம் அப்போதுதான் தண்ணீர் வந்திருந்தது, ஒரே சேறும் நுரையுமாக. நான் மேலே ஏறியதும் பாஸ்டர் அல்லேலூயா சொல்ல, அம்மா சின்னப் பிள்ளைக்குத் துவட்டுவது போல என் தலையைத் துவட்டினாள். "ரெண்டாந்தடவ ஊத்திக்கிட்டா ஒண்ணும் குத்தமில்ல" என்று என் காதோடு சொன்னாள். கூடுதலாக ஒன்று என்று நினைத்துக்கொண்டாள். பழையதை அடித்துவிட்டு எழுதுகிற புதியது இது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

பிறகு நானே சொன்னேன். காரியத்துக்காக முங்கியவன், முங்கி எழுந்ததும் அந்த முழுக்குக்கே வக்கீலாகிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் நான். எதையும் நிரூபித்துக் காட்டாவிட்டால் சோறு இறங்காது. குழந்தைக்கு விசுவாசம் ஏது, விசுவாசம் இல்லாமல் ஞானஸ்நானம் ஏது என்று டீக்கடையில், கல்யாண வீட்டில், துக்க வீட்டில்கூட ஆள் பிடித்துப் பேசினேன். எதிராளி வாயடைத்துப் போவதில் எனக்கு ஒரு ருசி இருந்தது. அந்த ருசியைத்தான் பரிசுத்த ஆவி என்று நினைத்துக்கொண்டேனோ என்னவோ.

இங்கே என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு முன்னால் பிறந்தவள். பெயர் வைக்கும்வரைகூட இருக்கவில்லை. அடைமழைக் காலத்தில் வீட்டிலேயே பிறந்தாள். பிறந்த மறுநாளே மூச்சு இழுத்து, உடம்பு நீலம் பூத்துவிட்டது. அப்பா குருவானவரைக் கூட்டிவரச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். வடிகால் உடைந்து ரோடு அறுபட்டுக் கிடந்ததால் நேரத்துக்குத் திரும்ப முடியவில்லை. அம்மா பார்த்தாள். குடிப்பதற்காகப் பக்கத்தில் வைத்திருந்த டம்ளர் வெந்நீரை எடுத்து, பிதா குமாரன் பரிசுத்த ஆவி என்று சொல்லி, பிள்ளையின் தலையில் தானே ஊற்றிவிட்டாள்.

"சூடா இருக்கான்னு மொதல்ல எங் கையில ஊத்திப் பாத்துக்கிட்டேன்" என்பாள், இதைச் சொல்லும்போதெல்லாம்.

குருவானவர் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவர் அம்மாவிடம் இரண்டே கேள்விதான் கேட்டாராம். தண்ணிதானே ஊத்துன? மூணு நாமத்தையும் சொன்னியா? அம்மா தலையை ஆட்டியதும், "செல்லும்மா. ஆபத்துக்கு யார் குடுத்தாலும் செல்லும்" என்றாராம். பிள்ளையைக் கோயில் கல்லறையிலேயே அடக்கம் செய்து, தலைமாட்டில் சிமெண்டில் முழ உயரத்துக்கு ஒரு சிலுவை வைத்தார்கள். அந்த 'செல்லும்' என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அம்மா அந்த மழைக்காலத்தைத் தாண்டியிருக்கிறாள்.

இது எனக்குத் தெரியாத கதை இல்லை. சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. இருந்தும் அதைச் செய்தேன்.

எனக்கு மகன் பிறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. தஞ்சாவூரில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த அம்மா, சாப்பாடு போட்டுக்கொண்டே ஆரம்பித்தாள். "தம்பி, புள்ளைக்கு நம்ம கோயில்ல ஞானஸ்நானம் குடுத்துடலாம்ப்பா."

"அவன் வளந்து அவனே கேக்கட்டும்மா. அதுவரைக்கும் கெடையாது."

"ஒன் சித்தி மவளக் கத்தோலிக்கத்துல கட்டிக் குடுத்தமே, அந்த ஃபாதரே நம்ம கோயில் ஞானஸ்நானத்த ஏத்துக்கிட்டாரே. மறுபடி ஊத்தக் கூடாதுன்னாரே."

"அவங்களும் தெளிப்புதான். தெளிப்ப தெளிப்பு ஏத்துக்காம என்ன செய்யும்? எல்லாம் செல்லாக்காசும்மா. பச்சப்புள்ள தலையில ஊத்துனா அது வெறுந்தண்ணி. யாரு ஊத்துனாலும், யாருக்கு ஊத்துனாலும்."

ரசத்தைப் பிசைந்துகொண்டே சொன்னேன். அம்மா கரண்டியைப் பாத்திரத்தில் வைத்துவிட்டு, "யாருக்கு ஊத்துனாலுமா?" என்று கேட்டாள். யாரை நினைத்துக் கேட்கிறாள் என்பது எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஓரிடத்தில் விலக்கு கொடுத்தால் மொத்த நிரூபணமும் சரிந்துவிடுமே. "யாருக்கும்தாம்மா" என்றேன். அம்மா எனக்கு மோர் ஊற்றினாள். அப்புறம் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

என் மனைவிக்கு என்மேல் அப்படிக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. "நம்ம பாஸ்டரே என்ன சொல்றாரு? பச்சப்புள்ளைங்க ஞானஸ்நானம் இல்லாமலே நேரா பரலோகம்னுதானே? அத்தைகிட்ட அதச் சொன்னா வாய் வலிக்குமா?" அவள் பிறந்ததிலிருந்தே அந்தச் சபைக்காரி. நான் நேற்று வந்தவன். அவளிடம் இருந்த இரக்கம் எனக்கு வரவில்லை, அவள் சபைச் சட்டம் மட்டும்தான் வந்தது.

மறுநாள் அம்மாவிடம் போய் அதைச் சொன்னேன். பிள்ளைகளுக்கு ஞானஸ்நானமே தேவையில்லை, அக்கா பரலோகத்தில்தான் இருக்கிறாள் என்று. அம்மா பையில் சேலையை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"அவளுக்கு நா பால் குடுக்கல. ஒரு சட்ட தெச்சுப் போடல. அந்தத் தண்ணி ஒண்ணுதாம்ப்பா குடுத்தேன்" என்றாள். "அது வேணாங்கிறியா?"

அன்று மதியமே பஸ் ஏறிவிட்டாள். அதன்பின் என் முன்னால் அக்காவைப் பற்றி அவள் பேசவே இல்லை. வெந்நீரைக் கையில் ஊற்றிப் பார்த்த கதையையும் சொல்லவில்லை. கல்லறைத் திருநாளுக்கு வருஷம் தவறாமல் ஆட்டோ வைத்துக்கொண்டு தனியாகப் போய் வந்தாள். முழுக்குச் சபைக்காரன் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றக் கூடாது என்று நான் போகவில்லை. உண்மையில் அந்தச் சின்னச் சிலுவையைப் பார்க்க எனக்கு முகம் இல்லை.

போன கல்லறைத் திருநாளுக்கு நல்ல மழை. ஆட்டோக்காரர் வர மாட்டேன் என்றுவிட்டார். அம்மா எனக்குப் போன் போட்டாள். "ரோடு வரைக்கும் கொண்டாந்து விட்டாப் போதும். நீ உள்ள வர வேணாம்" என்றாள். அவ்வளவு ஜாக்கிரதையாக என்னிடம் பேசப் பழகியிருந்தாள். என் அம்மாவை நான் அப்படிப் பழக்கியிருந்தேன்.

பைக்கை மதகடியில் நிறுத்திவிட்டு நானும் கூடவே நடந்தேன். சம்பா நட்ட வயல்களெல்லாம் ஒரே வெள்ளம். கல்லறைத் தோட்டம் தாழ்வான இடம். வடிகால் எதிர்த்துக்கொண்டு வந்து அதையும் நிரப்பியிருந்தது. பெரிய சிலுவைகள் பாதிக்கு மேல் தெரிந்தன. முழ உயரச் சிலுவை எங்கே தெரியப் போகிறது? அம்மா பூப்பொட்டலத்தை என்னிடம் கொடுத்துவிட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். பூவரச மரத்துக்கு நேராகப் போய், குனிந்து, தோள் நனையத் தண்ணீருக்குள் துழாவினாள். சிலுவை கையில் தட்டுப்பட்டதும் அப்படியே நின்றாள்.

"தம்பி, இங்க வாயேன். முங்கிட்டா பாரு. முழுசா முங்கிட்டா."

அவள் குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் முகத்தில் இருந்தது ஆசை.

"இப்ப செல்லும்ல?" என்று கேட்டாள்.

நான் செருப்போடு தண்ணீரில் இறங்கினேன். "அன்னைக்கே செல்லும்மா. நீ ஊத்துனியே, அன்னைக்கே செல்லும்."

அம்மா நிமிர்ந்து என்னையே பார்த்தாள். "அப்ப நீ எதுக்குப்பா முங்குன?"

என்னிடம் வசனங்கள் இருந்தன. "கல்யாணத்துக்காகம்மா" என்றேன்.

மழை மறுபடி தூற ஆரம்பித்தது. அம்மா என் கையிலிருந்த பொட்டலத்தை வாங்கிப் பிரித்தாள்.

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல" என்றாள்.