ஒளிர்ந்தது மஞ்சள்தான்

அறுபதுகளில் செஞ்சியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. கூடம் என்பது பெரிய வார்த்தை. ஒரு மேசை, ஒரு மைக்ராஸ்கோப், நாள் முழுக்க ஊரார் கொண்டுவரும் சளியும் மலமும். அதையெல்லாம் முகம் சுளிக்காமல் பார்த்த நான், சொந்த அக்காவுக்கு மார்பில் கட்டி என்றதும் ஊமையாகிவிட்டேன். அக்கா அதை என்னிடம் சொல்லவில்லை. என் மனைவியிடம் சொன்னாள், மனைவி என்னிடம் சொன்னாள். காம்பிலிருந்து ரத்தம் கலந்த நீர் கசிகிறதாம்.

அக்காவைக் கொடுத்திருந்தது பக்கத்துச் சிங்கவரத்தில். உடனே மெட்ராஸ் கூட்டிப்போகச் சொன்னார் எங்கள் டாக்டர். வேர்க்கடலை அறுவடை நேரம், அக்காவின் மாமியார் மசியவில்லை. "மல்லாட்ட புடுங்கற நேரத்துல சந்தேகத்துக்கெல்லாம் மெட்ராஸா? புத்துநோய்தான்னு உங்க டாக்டர எழுதிக் குடுக்கச் சொல்லு தம்பி, அனுப்பறேன்" என்றார். போனால்தான் தெரியும், தெரிந்தால்தான் அனுப்புவார். இந்த நியாயத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

டாக்டர்தான் ஒரு வழி கண்டுபிடித்தார். அவருடன் படித்த ஒருவரிடம் மெட்ராஸில் புது மாதிரி மைக்ராஸ்கோப் இருந்தது. கசிகிற நீரைக் கண்ணாடித் தகட்டில் தடவி, ஸ்பிரிட்டில் ஊறவைத்து அனுப்பினால் போதும். அங்கே ஒரு சாயம் ஏற்றி, நீல வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பார்கள். நல்ல செல் மங்கலான பச்சையாகத் தெரியும், புற்றுநோய் செல் ஆரஞ்சுச் சிவப்பாக ஒளிரும். பெண் ஊரிலேயே இருக்கலாம், கண்ணாடி மட்டும் பஸ் ஏறினால் போதும். ஒரே நிபந்தனை, எடுப்பதற்கு முன் உடம்பில் எதுவும் பூசியிருக்கக் கூடாது. மனைவி மூலம் சொல்லியனுப்பினேன். அக்கா வந்தாள், நர்ஸம்மா எடுத்துக்கொடுத்தார், கண்ணாடி போயிற்று.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. கண்ணாடி முழுக்கப் பளீரென்று மஞ்சள் பச்சையாக ஒளிர்கிறது, செல் ஒன்றுகூடத் தெரியவில்லை, எதைப் பூசித் தொலைத்தீர்கள் என்று கேட்டிருந்தார்கள்.

எனக்கு வந்த கோபத்தில் சைக்கிளை மிதித்த மிதியில் செயின் இரண்டு தடவை கழன்றது. "இன்னாக்கா பூசின?" என்று வாசலிலேயே கத்தினேன்.

"ஒண்ணுமே பூசலடா. டாக்டராண்ட போறமேன்னு நல்லா மஞ்ச தேச்சிக் குளிச்சிட்டு வந்தேன், அவ்ளோதான்."

"மஞ்சள் பூசறது இல்லாம வேற இன்னா?"

"அது குளிக்கறதுடா. பூசறதுன்னா பவுடரு, மருந்து."

அவளை மட்டும் திட்டி என்ன பயன்? நர்ஸம்மா அந்த மஞ்சளைக் கண்ணால் பார்த்துக்கொண்டேதான் எடுத்திருக்கிறார். ஸ்பிரிட் மஞ்சளித்ததை நானும் பார்த்தேன். எங்கள் ஊர்ப் பெண்ணின் உடம்பில் மஞ்சள் இல்லாவிட்டால்தான் எங்கள் கண்ணில் படும்.

பத்து நாள் மஞ்சளை நிறுத்த வேண்டும் என்றேன். மாமியார் எழுந்து நின்றுவிட்டார். "எம்மவன் குத்துக்கல்லாட்டம் இருக்கறான். இவ மஞ்ச இல்லாம வெளிய வந்தா ஊரு இன்னா பேசும்?"

"மொகத்துக்குப் பூசிக்கட்டும் அத்த."

"அப்ப எங்க பூசக்கூடாது?"

ஒரே ஒரு வார்த்தை. அந்த அம்மாள் முன்னால் அக்காவை வைத்துக்கொண்டு அது என் வாயில் வரவில்லை. காயப்போட்டிருந்த மல்லாட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். அதில் ஒரு மாதம் போயிற்று.

ஒரு நாள் காலையில் அக்கா தனியாக பஸ் ஏறி என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது. "பன்னெண்டு நாளா மஞ்ச தொடல. அரிக்குதுன்னு சொன்னேன். சரி வுட்டுடுன்னுட்டாங்க."

புற்றுநோய்க்கு இறங்காத மாமியார் அரிப்புக்கு இறங்கியிருக்கிறார். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

இந்த முறை கண்ணாடி தெளிவாகப் பேசியது. செல்கள் கொத்துக்கொத்தாக ஆரஞ்சுச் சிவப்பு. மாமியார் கேட்டபடியே டாக்டர் எழுதிக்கொடுத்தார். மெட்ராஸ் பஸ்ஸுக்காகக் காத்திருக்கும்போது அக்காவும் நானும் மட்டும் இருந்தோம். முதல் முறையாக அவளிடம் நேராகக் கேட்டேன். "மார்ல கட்டி எப்பலேர்ந்துக்கா?"

"போன ஆடிலேர்ந்து. நீ ஆஸ்பத்திரில இருக்கறவனாச்சே, நடுவுல ஒருவாட்டியாவது ஒடம்புக்கு இன்னா ஏதுன்னு கேப்பேன்னு பாத்துக்கினே இருந்தேன்."

அடுத்த ஆடியே வந்துவிட்டிருந்தது. மாமியார் மேல் அத்தனை நாள் வைத்திருந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை.

அறுவைக்குப் பிறகு அக்கா மூன்று வருஷம் இருந்தாள். அந்த மூன்று வருஷமும் வாரம் தவறாமல் சிங்கவரம் போய், சைக்கிளை நிறுத்தும் முன்பே, "மார்ல வலி இருக்குதாக்கா?" என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்டேன். மாமியாருக்கு அது கடைசிவரை பிடிக்கவில்லை.