தலைமாட்டு விளக்கு

நேற்று ராத்திரி நன்றாகத் தூங்கினீர்களா என்று கேட்பதற்கே சம்பளம் வாங்கியவன் நான். படிவமும் பேனாவுமாக யார் முன்னாலாவது போய் நின்றவர்களுக்கு என் பாடு புரியும். தொண்ணூறுகளில் திருநெல்வேலி ஆஸ்பத்திரி ஒன்றில் லேப் டெக்னீஷியனாக இருந்தேன். எங்கள் டாக்டர் வாய்ப்புற்று நோயாளிகளின் தூக்கத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். இருட்டில் நம் மூளை மெலடோனின் என்று ஒன்றைச் சுரக்குமாம், தூக்கம் வருவதே அதனால்தானாம். இவர்களுக்கு அது குறைகிறதா என்று பார்க்க வேண்டும். தூக்கத்தை விசாரிப்பதும் சிறுநீரைப் பரிசோதிப்பதும் என் தலையில் விழுந்தன.

எல்லாம் நல்ல தூக்கம்

வள்ளியூரில் பலசரக்குக் கடை வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர். முப்பது வருஷம் புகையிலையை அதக்கிய இடது கன்னத்தில் புற்று. கண் இரண்டும் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருக்கும். ஆனால் இருபது கேள்விக்கும் "நல்ல தூக்கம்" என்று ஒரே பதில். படிவத்தைப் பார்த்த டாக்டர் என்னைத்தான் முறைத்தார். அண்ணாச்சியின் மனைவியை, எங்கள் பக்கத்து வழக்கப்படி மதினி என்பேன், வராந்தாவில் பிடித்துக் கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தூங்கலன்னு சொன்னா, ஒடம்பு தாங்காதுன்னு ஆபரேசனத் தள்ளிப் போட்டுருவாங்கல்லா தம்பி."

பல்ப்

வெளிச்சம் பட்டால் மெலடோனின் சுரக்காது, ஒன்பது மணிக்கு விளக்கை அணைக்க வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. சீக்காளி தலைமாட்டை இருட்டாக்கக் கூடாது என்பது மதினி உத்தரவு. தொண்டை வற்றச் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் ஒரு சாயங்காலம் பல்பையே கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் வந்தால் கட்டிலருகே சிம்னி விளக்கு, சுவரெல்லாம் கரி.

"பல்பத்தான தம்பி வேண்டாம்னீங்க, வெளக்க ஒண்ணும் சொல்லலியே."

புதுசு

முந்தின இரவு எவ்வளவு மெலடோனின் சுரந்தது என்பது காலையின் முதல் சிறுநீரில்தான் தெரியும். பாட்டில் கொடுத்து மூன்று தடவை விளக்கினேன். ஒரு வாரம் பரிசோதித்த பிறகுதான் மதினி செய்த காரியம் தெரிந்தது. அந்த வாரத்து வேலை முழுக்கக் குப்பைக்குப் போயிற்று.

"ராத்திரி உள்ளது நாறுச்சு, அத ஒங்க கையில எப்படிக் குடுக்க? கொட்டிட்டு, காப்பி குடிச்ச பெறகு புதுசா எடுத்து வச்சேன்."

கண்ணை மூடி

மதினி கஞ்சி வாங்கப் போயிருந்த நேரத்தில் பொறுமை இழந்து அண்ணாச்சியிடம் கத்தியேவிட்டேன். பொய் சொன்னால் உங்களுக்கு மருந்து எப்படிக் கொடுப்பது என்று கேட்டேன். அவர் கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டு பையப் பேசினார்.

"வலி உசிரு போவுது. அவ வெளக்க வச்சிக்கிட்டு என் மொகத்தையே பாத்துக்கிட்டிருப்பா. நான் முழிச்சிருந்தா அவ படுக்க மாட்டா. அதான் கண்ண மூடிக் கெடக்கேன். இத மட்டும் எழுத வேண்டாம் வே."

ஏழு மணி

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் எழுதினேன்: தூக்கம் இல்லை, காரணம் வலி. டாக்டர் வலிக்கு மருந்தை மாற்றினார். ஆபரேஷன் தேதியை மாற்றவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கும் அண்ணாச்சி அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். சந்தோஷமாகப் படிவத்தை எடுத்தேன். கண் சிவந்துபோய் மதினி சண்டைக்கு வந்தார்.

"என்ன மருந்து தம்பி குடுத்தீங்க? அசையாமக் கெடந்தாரு. மூச்சு வருதா, வருதான்னு பாத்தே எனக்குப் பொழுது விடிஞ்சிட்டு."

இருபது கேள்வி கேட்ட எங்கள் படிவத்தில், கட்டிலுக்குக் கீழே பாய் விரித்தவரின் தூக்கத்தை எழுத ஒரு கட்டம்கூட இல்லை.