நீல டிரம்முக்குப் பின்னால் வைஃபை

பாளையங்கோட்டையில் எங்கள் வீடு ரயில் பெட்டி மாதிரி நீளமானது. முன்னால் வாசலறை, நடுவில் ஒடுங்கிய நடை, கடைசியில் உள்ளறை. கேபிள்காரர் இணைப்புக் கொடுக்க வந்த அன்று, வைஃபை டப்பாவை நடையின் வாசலறைப் பக்க முனையில், சுவரை ஒட்டி ஒரு முக்காலியில் வைக்கச் சொன்னவன் நான். அங்கே ஆள் இடுப்புயரத்துக்கு நீலப் பிளாஸ்டிக் டிரம் நிற்கிறது. அதன் பின்னால் வைத்தால் டப்பாவும் தெரியாது, வயரும் தெரியாது. என் கலையுணர்வை நானே மெச்சிக்கொண்டேன்.

என் மனைவிக்கு அப்போது ஒரு வேலை கூடிவரும் போலிருந்தது. வளைகுடாவில் வளரும் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு நெட் வழியாகத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் வேலை. மாதிரி வகுப்புகளை மேற்பார்வையாளர் அம்மா ஒருவர் சென்னையிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பார். சில நாள் வகுப்பு வெண்ணெய் மாதிரி ஓடும். சில நாள் பிள்ளைகள் திறந்த வாயோடு திரையில் உறைந்து நிற்பார்கள். "இன்னொரு வகுப்பு இப்படி ஆனால் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும்" என்று அந்த அம்மா நயமாகச் சொல்லிவிட்டார்.

நான் களத்தில் இறங்கினேன். டப்பாவை அணைத்துப் போட்டேன், படுக்க வைத்தேன், நிமிர்த்தி வைத்தேன். யாரோ நம் நெட்டைத் திருடுகிறான் என்று முடிவுகட்டி பாஸ்வேர்டை மாற்றினேன். யாராலும் கண்டுபிடிக்க முடியாத பாஸ்வேர்டு. சாயங்காலம் எனக்கே அது ஞாபகம் வரவில்லை. கேபிள்காரருக்குப் போன் போட்டுக் கத்தினேன்.

"பச்சை லைட்டு எரியுதுல்லா? அப்ப எங்க பக்கம் கோளாறு இல்ல வே" என்றார். "உம்ம வீட்டுக்குள்ளதான் என்னமோ இருக்கு."

மனைவி வேறு கணக்கு வைத்திருந்தாள். "தண்ணி வாற அன்னைக்குத்தான் நெட்டு சாவுது. கவனிச்சியளா?"

"தாமிரபரணிக்கும் நெட்டுக்கும் என்னடி சண்டை?" என்று சிரித்தேன்.

கடைசி மாதிரி வகுப்பு வந்தது. காலையிலேயே, "இன்னைக்குத் தண்ணி வந்தா டிரம்முல புடிச்சிராதிய. குடத்துல மட்டும் புடிங்க" என்றாள். சரி என்றேன். மத்தியானம் குழாய் சீறியது. கோடைக்காலம், அடுத்து எப்போது வருமோ தெரியாது. அப்படித் தண்ணீர் கொட்டும்போது டிரம்மைக் காலியாக விட எந்தத் திருநெல்வேலிக்காரனுக்கு மனசு வரும்? ஓஸ் குழாயைப் போட்டு விளிம்பு வரை நிறைத்து, நல்ல பிள்ளை மாதிரி மூடியும் போட்டு வைத்தேன்.

சாயங்காலம் வகுப்பு ஆரம்பித்த சற்று நேரத்தில் உள்ளறையிலிருந்து ஒரு பிள்ளையின் குரல்: "டீச்சர், கேக்கல." தொடர்ந்து சென்னை அம்மாவின் குரல்: "மேடம், உங்க வாய்ஸ் விட்டு விட்டு வருது."

மனைவி மைக்கை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். "டிரம்ம நெறச்சியளா?"

"கொஞ்சம்."

"எறைங்க."

நிறைந்த டிரம் அசையாது. டப்பாவை நகர்த்தினால் வயர் பிடுங்கிக்கொண்டு வகுப்பே அறுந்துவிடும். லேப்டாப்பின் பேட்டரி செத்து வெகுநாளாகிறது. அதன் பிளக்கைப் பிடுங்கி வேறு இடத்துக்குத் தூக்கவும் முடியாது. "எங்க ஊத்த?" என்றேன்.

"எங்கனயும் ஊத்துங்க. என் தலையில ஊத்துனாலும் சரி, எறைங்க."

இறைத்தேன். குடங்கள் ஏற்கெனவே நிறைந்திருந்தன. குழம்புச் சட்டி, இட்லிக் கொப்பரை, குக்கர் என்று கையில் அகப்பட்டதையெல்லாம் நிரப்பினேன். அப்புறம் வாளி வாளியாக வாசலுக்கு ஓடிச் சாக்கடையில் கொட்டினேன். எதிர்வீட்டு அம்மா நெஞ்சில் கை வைத்துவிட்டாள்.

"என்ன அண்ணாச்சி, நல்ல தண்ணியப் போயி கொட்டுதிய?"

"நெட்டு சரி பண்ணுதேன்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தப் போகிறாள் என்று நினைத்தேன். இரண்டு குடங்களோடு திரும்பி வந்தாள். "கிறுக்குப் புடிச்சாலும் கீழ கொட்டாதிய. இதுல ஊத்துங்க."

டிரம் பாதிக்குக் கீழே இறங்கியபோது உள்ளே மனைவியின் பேச்சு தடங்கலில்லாமல் போய்க்கொண்டிருந்தது. ஒரு பிள்ளை ஏதோ கேட்டது, இவள் சொன்னாள், எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். "இப்ப தெளிவா இருக்கு மேடம்" என்றார் சென்னை அம்மா. இருந்தாலும் நான் நிறுத்தவில்லை. இடுப்புக்குக் கீழே நனைந்த வேட்டியோடு அடித்தண்ணீரைச் செம்பால் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

தண்ணீர் வைஃபை அலையைக் குடித்துவிடுமாம். காலி டிரம் என்றால் ஊடுருவிப் போய்விடுமாம். இதைப் பிற்பாடு எங்கோ படித்தேன். மனைவி எதையும் படிக்கவில்லை, சும்மா கவனித்திருக்கிறாள்.

"திங்கட்கிழமை முதல் ஆரம்பிச்சிடலாம் மேடம்" என்று சென்னை அம்மா சொன்னது நடை வரைக்கும் துல்லியமாகக் கேட்டது. மனைவி லேப்டாப்பை மூடிவிட்டு வந்தாள். கால் வைக்க இடமில்லாமல் பரந்து கிடந்த பாத்திரங்களையும் நடுவில் நின்ற என்னையும் பார்த்தாள். அதுவரை அடக்கி வைத்திருந்த சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"யாரும் கேட்டா, நெட்ட சரி பண்ணுனது நீங்கன்னே சொல்லிக்கிடுங்க" என்றாள்.

சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.