பக்கத்துக் கட்டில்காரர்

சிறுநீரகம் பழுதான வாப்பாவின் இரத்தத்தைச் சுத்திகரிக்கப் புத்தளம் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் பக்கத்துக் கட்டிலில் அவர் இருப்பார். கறுத்து மெலிந்த முகம், வீங்கிய கால்கள். இடது கையில் ஊசிகள் ஏறியிருக்க, வலது கையில் போனைப் பிடித்து, வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று இலவசமாகப் போட்டிருந்த விரிவுரைகளைப் பார்ப்பார். மொபைல் செயலி செய்யப் படித்துக்கொண்டிருந்தார்.

"இந்த வயசில எதுக்கு நாநா?" என்று கேட்டேன்.

"எங்களுக்குக் குடிக்கிற தண்ணிக்கும் அளவிருக்குத்தானே தங்கச்சி. அதுக்குத் தமிழ்ல ஒரு ஆப் செய்றன்."

"படிச்சு முடிஞ்சுதா?"

"பாதி முடிஞ்சுது." இரத்தம் ஓடும் குழாயைப் பார்த்தார். "மத்தப் பாதிக்கு நான் இருக்கோணும்."

பிறகொரு நாள் அந்த ஆப்பை வாப்பாவின் போனில் போட்டுத் தந்தார். குடித்ததைப் பதியலாம். அளவு மீறினால் எச்சரிக்கும் பகுதி மட்டும் வேலை செய்யவில்லை.

"அது அடுத்த பாடத்தில வருது," என்றார்.

அடுத்த முறை போனபோது அந்தக் கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார். நாநா மௌத்தாகிவிட்டார், அடக்கமும் முடிந்துவிட்டது என்று தாதி சொன்னார்.

வீட்டுக்கு வந்து அந்தப் பாடத்தைத் தேடிப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வாப்பா இன்றும் ஒவ்வொரு கோப்பையையும் அந்த ஆப்பில் பதிகிறார். அளவு மீறினாலும் அது ஒன்றும் சொல்வதில்லை.