பாதாம் இலையும் புறா வலையும்

மந்தைவெளியில் எங்கள் வீட்டு மாடியில் ஷீட் போட்ட அறை ஒன்று இருக்கிறது. என் மனைவி அங்கேதான் ஜாக்கெட் தைக்கிறாள். அறைக்கு மேல் எங்கள் பாதாம் மரம் கிளை பரப்பி நிற்கிறது. அந்த நிழல் இல்லாவிட்டால் மே மாதத்தில் அந்த ஷீட்டுக்குக் கீழே மனுஷர் உட்கார முடியாது. அதனால் மரத்தை வெட்டலாம் என்று யாராவது சொன்னால் எனக்கு முன்னால் அவள் சண்டைக்குப் போவாள்.

ஆனால் பாதாம் மரத்துக்கு இலை கொட்டுவதைத் தவிர வேறு பிழைப்பு கிடையாது. ஒவ்வொரு இலையும் உள்ளங்கையை விடப் பெரியது. ஷீட்டின் விளிம்பில், மழைத் தண்ணீரை வாங்கிக் குழாய்க்குக் கொண்டுபோக ஒரு தகரக் கால்வாய் வைத்திருக்கிறோம். இரண்டே இலை போய்க் குழாய் வாயில் உட்கார்ந்தால் போதும், மூடி போட்டது போல் அடைத்துக்கொள்ளும். அப்புறம் கால்வாய் நிரம்பும். நிரம்பின தண்ணீர் வெளிப்பக்கம் வழிந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. எங்கள் வீட்டில் அது உள்பக்கம் வழியும். காரணம் நான்தான். தெருவில் போகிறவர்கள் தலையில் சொட்டினால் வம்பு வரும் என்று வெளி விளிம்பை உள் விளிம்பைவிட உயர்த்தி வைக்கும்படி வெல்டரிடம் சொன்ன புத்திசாலி நானே. முப்பது வருஷம் கண்டக்டராக இருந்தவன், வம்பு எங்கிருந்து வரும் என்று எனக்குத் தெரியாதா என்ற நினைப்பு.

போன வருஷம் தீபாவளிக்கு நாலு நாள் முன்னால் அந்தத் தண்ணீர் சுவரோரமாக இறங்கி, தைத்து அடுக்கியிருந்த ஜாக்கெட்டுகளை நனைத்துவிட்டது. சாயம் ஒன்றில் இருந்து ஒன்றுக்கு ஏறிவிட்டது. அடையாறிலிருந்தெல்லாம் அவளைத் தேடி வருகிறவர்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பிப் போனார்கள். அவள் யாரிடமும் சத்தம் போடவில்லை. என்னிடம் மட்டும் ஒரே ஒரு தடவை சொன்னாள்.

"அடுத்த வருசமும் தண்ணி உள்ள வந்துச்சின்னா மெசினை வித்துட்டு டி.நகர்ல ஒரு துணிக்கடையில ஆல்ட்ரேசன் வேலைக்குப் போயிடுவேன். மாசமானா சம்பளம். மழையாவது, வெயிலாவது."

கோபத்தில் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். இருந்தாலும், ஓய்வு பெற்ற பிறகு எனக்குப் பகல் முழுவதும் துணை, தலைக்கு மேல் ஓடும் அந்த மெஷின் சத்தம்தான். அது நின்றுபோன வீட்டில் தனியாக உட்கார்ந்து பேப்பர் படிப்பதை நினைத்துப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

எனவே இந்த வருஷம் புரட்டாசியிலேயே வேலையை ஆரம்பித்தேன். ஆள் வைத்தால் என் கௌரவம் என்னாவது? முதலில் சமையலறை வடிதட்டைக் கொண்டுபோய்க் குழாய் வாயில் கவிழ்த்தேன். இலைகள் வடிதட்டையே போர்த்திக்கொண்டன. போதாக்குறைக்கு அன்றைக்கு வீட்டில் சோறு வடிக்க வழியில்லை. அதற்கு வாங்கின திட்டு தனி. அடுத்து, கொசுவலைத் துணியைக் கால்வாய் நீளத்துக்கு விரித்து, துணிக் கிளிப்பால் இறுக்கினேன். தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்திக் காட்டினேன். இஸ்திரி போடுகிறவர் மட்டும் அண்ணாந்து பார்த்துவிட்டு, தன் வண்டிக்கு மேல் கட்டியிருந்த தார்ப்பாயை இன்னும் இழுத்து இறுக்கிக் கட்டினார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

ஐப்பசி பிறந்ததும் ஒரு சாயங்காலம் தூறல் விழுந்தது. மழை என்று சொல்லும்படியாகக்கூட இல்லை. இலைகள் வலை மேல் விழுந்தன, நனைந்தன, வலை அவற்றைத் தாங்கமாட்டாமல் தொய்ந்தது, தொய்ந்த இடத்துக்கு இன்னும் இலைகள் வந்து சேர்ந்தன. ஒன்றோடொன்று ஒட்டிப் பாய் விரித்தாற்போல் ஆகிவிட்டது. தண்ணீர் அதன் மேல் ஓடி, நேராகச் சுவருக்கு வந்தது. அவள் சட்டென்று மேஜையை இழுத்ததால் துணி தப்பித்தது.

மறுநாள் காலையில் ஏணியில் ஏறினாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் ஏணி ஏறி நான் பார்த்ததில்லை. கழுத்தில் அளவு டேப் தொங்க, மேலே நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இன்னாய்யா இது? தொட்டில் கட்டி இலைக்குத் தாலாட்டு பாடிக்கினு கீற?"

ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அப்படியானால் நீயே செய், பார்க்கலாம் என்றேன். அவள் அதற்குத்தான் காத்திருந்தவள் மாதிரி டேப்பின் ஒரு முனையை என்னிடம் நீட்டினாள். கால்வாயின் நீளம், அகலம், ஷீட்டின் விளிம்பிலிருந்து வெளி விளிம்பு எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பது வரை அளந்தாள். ஜாக்கெட்டுக்குக் கழுத்து இறக்கம் கேட்கிற அதே முகம். வலை விறைப்பாகவும் சரிவாகவும் இருந்தால் இலை நிற்காது, வழுக்கித் தெருப்பக்கம் விழுந்துவிடும் என்றாள். துணி தொய்ந்தால் எந்தத் தையலும் கெட்டுப்போகுமாம். இது தெரியாமல் இத்தனை வருஷம் ஒரு தையற்காரியோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன்.

பால்கனியில் புறா வராமலிருக்கக் கட்டும் நைலான் வலை வாங்கிவரச் சொன்னாள். பழைய குடைத் துணியை மடித்து அதற்கு இரண்டு பக்கமும் கரை வைத்தாள். பாவாடைக்கு நாடா கோர்ப்பது போல் அந்தக் கரைக்குள் கம்பியைக் கோர்த்தாள். தீபாவளி ஆர்டர்கள் குவிந்து கிடக்கும்போது இதற்கு இரண்டு பகலைச் செலவழிக்கிறாயே என்று கேட்டேன். இதுவும் ஆர்டர்தான் என்று சொல்லிவிட்டு மெஷினை மிதித்தாள். ஷீட்டில் போல்ட் போட்டு வலையை இழுத்துக் கட்டினது மட்டும் நான். அதையும் அவள் கீழே நின்று மூன்று தடவை அவிழ்க்க வைத்தாள்.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால், மத்தியானம், வானம் இருட்டிக்கொண்டு மழை ஒரே பிடியாகப் பிடித்தது. நான் குடையோடு தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தேன். ஒரு பெரிய சிவப்பு இலை வலை மேல் விழுந்து, ஒரு நொடி யோசித்து, வழுக்கி என் காலடியில் வந்து விழுந்தது. அடுத்தது விழுந்தது. அதற்கடுத்தது என் குடை மேலேயே விழுந்தது. குழாயில் தண்ணீர் கடகடவென்று இறங்கும் சத்தம் கேட்டது. தனியாக நின்று நான் சிரித்ததைப் பார்த்து எதிர்வீட்டு அம்மா ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

செய்தியைச் சொல்ல மாடிக்கு ஓடினேன். சுவர் காய்ந்திருந்தது. அவள் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"இல்லக்கா, நான் வரல. தீபாவளி கழிச்சி திங்கக்கெழமை வரேன்னு சொன்னது வாஸ்தவந்தான். வேற ஆளைப் பாத்துக்கங்க. எனக்கு இங்கியே வேலை கீது."

வாசலில் அப்படியே நின்றுவிட்டேன். போன வருஷம் அவள் சொன்னது வெறும் மிரட்டல் இல்லை. வேலைக்குச் சொல்லி, நாளும் குறித்து, எனக்குத் தெரியாமல் வைத்திருந்திருக்கிறாள். டி.நகர் கடைக்காரியிடம் எப்போது பேசினாய் என்று கேட்டேன். போன வருஷம் துணி நனைந்த மறுநாளே போய்ப் பார்த்தாளாம்; இந்த வருஷம் தூறலில் சுவர் நனைந்ததும் நாளைக் குறித்தாளாம். ஒரு வருஷமாக அதை மனசில் வைத்துக்கொண்டு எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். 

"நின்னுக்கினே கீறியே. பதினாலு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைக்கணும். உக்காரு."

உட்கார்ந்தேன். ஊசியில் நூல் கோர்க்க மூன்று தடவை தவறியது. மழையில் நின்றதில் கை விறைத்துவிட்டது என்று அவளிடம் சொன்னேன்.