மெதுவாகப் பேசும் நாடு

முதல்முறை வெளிநாடு போகிறவர்களுக்கு யோசனை சொல்ல இந்த டவுன்ஷிப்பில் என்னை விட்டால் ஆள் கிடையாது. எந்த மாத்திரைக்கு டாக்டர் சீட்டு வேண்டும், ஊறுகாயை எத்தனை கவர் போட்டுச் சுற்ற வேண்டும், கைப்பையில் என்ன இருந்தால் பிடுங்கிக்கொள்வார்கள், எல்லாம் எனக்கு அத்துப்படி. நான் போனதில்லை, அவ்வளவுதான்.

மகன் ஜெர்மனியில் வேலை பார்க்கிறான். மருமகள் முழுகாமல் இருக்கிறாள், பிரசவத்துக்கு வாருங்கள் என்று அவன் கூப்பிட்டபோது என் மனைவிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கும் சந்தோஷம்தான், ஆனால் என் சந்தோஷத்தில் பாதி குழந்தைக்கு, பாதி மெஷினுக்கு. மைன்ஸில் நான் ஓட்டுவது பக்கெட் வீல். பெரிய சக்கரத்தில் வரிசையாக வாளிகளை மாட்டி மண்ணை அள்ளிக் கொட்டுகிற ராட்சத மெஷின். அது ஜெர்மனியிலிருந்து வந்தது. அங்கேயும் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் இருக்கிறது, மேட்டில் நின்று யார் வேண்டுமானாலும் வேடிக்கை பார்க்கலாம் என்று போனில் ஒரு வீடியோவில் பார்த்தேன். அன்றிலிருந்து எனக்கு அதே நினைப்பு. நகை, மனை, கார் எதற்கும் நான் அப்படி ஆசைப்பட்டதில்லை.

திட்டம் போடுவதில் நான் கில்லாடி. மெஷினை நிறுத்திப் பழுது பார்க்கிற நாட்களில் ஒரு போல்ட் மறந்தால் மொத்த ஷிப்டும் கைகட்டி நிற்கும் என்று தெரிந்தவன். இதையும் அப்படித்தான் பார்த்தேன். விசாவுக்கு முன்னால் இன்சூரன்ஸ். அந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை கடை திறக்காது, சனிக்கிழமையே பால் வாங்கிவிட வேண்டும். பொதுக் கழிப்பறைக்குச் சில்லறை வேண்டும். நம்முடைய மூன்று முள் பிளக் அங்கே நுழையாது. ரயில் சீட்டு வாங்கினால் மட்டும் போதாது, சில இடங்களில் அதை மெஷினில் விட்டு முத்திரை குத்த வேண்டும். மகன் வீட்டிலிருந்து சுரங்கத்துக்கு எந்த ரயில், எங்கே இறங்கி எந்த பஸ், எந்தப் பக்கத்து மேட்டிலிருந்து பார்த்தால் மெஷின் நன்றாகத் தெரியும் என்பதுவரை கண்டுபிடித்து அவனுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். ஒரு கட்டைவிரலைப் பதிலாகப் போட்டான்.

ரிட்டையர் ஆக எனக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. வேலையில் இருக்கிறவன் வெளிநாடு போக மேலிடத்து அனுமதி வேண்டும். அதற்கும் அலைந்து வாங்கினேன். லீவும் கிடைத்தது. ஷிப்ட் முழுக்கச் சேதி பரவிவிட்டது. நெல்லிக்குப்பத்திலிருந்து வருகிற கான்ட்ராக்ட் தொழிலாளி ஒருவர் என்னைப் பார்த்தாலே கிண்டலை ஆரம்பித்துவிடுவார்.

"நம்ம மிஷினுக்கு அதானே சார் தாய்வூடு? சும்மா பாத்துகினு வந்துறாதீங்க. சீர்வரிசை கேட்டு வாங்கிகினு வாங்க."

டிக்கெட் போட வேண்டிய சமயத்தில் மகன் போன் செய்தான்.

"அப்பா, தப்பா எடுத்துக்காதீங்க. இப்ப அம்மா மட்டும் வரட்டும்."

"ஏன்டா, பணம் இடிக்குதா? என் டிக்கெட்ட நான் போட்டுக்கறேன்."

"அது இல்லப்பா. இங்க சுவரெல்லாம் அட்டை மாதிரி. நாற்காலிய இழுத்தா கீழ் வீட்டுக்காரி கம்ப்ளைன்ட் பண்ணுவா. நீங்க பேசினா தெருவுக்கே கேக்கும். குழந்தை வேற தூங்கணும். அடுத்த வருஷம் பெரிய வீடு பாத்துட்டு உங்களக் கூப்பிடறேன்."

எனக்கு மெதுவாகப் பேச வராது, உண்மைதான். எங்களில் பலருக்கும் வராது. மண்ணைக் கொண்டுபோகிற கன்வேயர் பெல்ட் ஓடும்போது பக்கத்தில் நிற்பவனிடமே கத்தித்தான் பேச வேண்டும். அந்தக் குரல் வேலை முடிந்ததும் இறங்கிப் போய்விடாது, குவார்ட்டர்ஸுக்கும் கூடவே வரும். இதே குரலில்தான் அவனுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தேன். பள்ளி விளையாட்டு விழாவில் அவன் ஓடியபோது இதே குரலில்தான் கத்தினேன். அப்போதெல்லாம் அவனுக்குக் காது வலிக்கவில்லை.

மனைவி எனக்காக ஒரு வார்த்தை பேசுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே, "அவன் சொல்றதும் சரிதானேங்க" என்றாள். மகன் சொன்னதைக்கூட விழுங்கிவிட்டேன். இது இன்னும் தொண்டையிலேயே நிற்கிறது.

பிறகு நடந்ததுதான் கொடுமை. போகாதவன் போகிறவளைத் தயார் செய்தேன். வேறு யார் செய்வார்கள்? கடலூருக்குக்கூடத் தனியாகப் போகாதவள். பாஸ்போர்ட் எந்த உறையில், கேள்வி கேட்டால் எந்தக் காகிதத்தை நீட்ட வேண்டும் என்று பாடம் நடத்தினேன். மொழி தெரியாதவர்கள் வீல்சேர் கேட்டுவிட்டால், ஆள் ஒருவர் தள்ளிக்கொண்டு போய் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவார். அதுவும் என் ஏற்பாடுதான். தினமும் விடியற்காலையில் விறுவிறுவென்று நடக்கிறவள், சென்னை விமான நிலையத்தில் நோயாளி போல உட்கார்ந்தாள். தள்ளுகிறவன் அவசரக்காரன். அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே போய்விட்டாள்.

லீவை ரத்து செய்துவிட்டு நான் ஷிப்டுக்குப் போனேன். நெல்லிக்குப்பத்துக்காரர் டீயை மட்டும் என் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்தார். கிண்டல் செய்திருந்தால் தேவலை.

பேத்தி பிறந்தாள். வீடியோவில் பார்த்தேன். நான் வாயைத் திறந்ததும் மனைவி அங்கிருந்து உதட்டில் விரலை வைப்பாள். அவளே குசுகுசுவென்று பேசப் பழகிவிட்டாள். அவள் சொல்வதில் பாதி எனக்குக் கேட்காது. கேட்ட மாதிரி தலையை ஆட்டிவிட்டு வைத்துவிடுவேன்.

அவள் கிளம்பி வருவதற்கு முந்தைய வாரம், மத்தியான நேரத்தில் மகன் வீடியோவில் கூப்பிட்டான். அவன் முகத்துக்குப் பின்னால் பெரிய பள்ளம். பள்ளத்துக்குள் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. மேட்டில் பேய்க்காற்று அடித்தது.

"அப்பா! தெரியுதா? நீங்க அனுப்பின வழியிலதான் வந்தோம்! சூப்பரா இருக்கு!" என்று தொண்டை கிழியக் கத்தினான்.

மனைவி போனைப் பிடுங்கி அவனைவிடச் சத்தமாகக் கத்தினாள். "என்னங்க, நம்ம ஊர்ல இருக்கறதேதாங்க இது! இதுக்கா அவ்ளோ தவிச்சீங்க?"

அவர்களைச் சுற்றி நின்ற ஜெர்மன்காரர்களும் ஒருவருக்கொருவர் கத்திக்கொண்டுதான் இருந்தார்கள். யாரும் இவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. கம்ப்ளைன்ட் செய்ய ஒரு ஆள் இல்லை. என் குரலுக்கென்றே அந்த நாட்டில் ஓர் இடம் இருந்திருக்கிறது.

நான் பேசவில்லை. எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, மகன் எல்லாவற்றையும் முதலிலிருந்து இன்னும் சத்தமாகச் சொன்னான். எனக்கு முதல் தடவையே நன்றாகக் கேட்டது.